குவாட் வண்டிக்கு லோங் ட்ராவல்: ஷொக் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கங்களில் ஸ்போர்ட் குவாட் (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சில்லு மோட்டார் வண்டி) வைத்திருப்பவர்கள் சஸ்பென்ஷனை மாற்ற நினைத்தால் முதலில் கேட்பது எந்த ஷொக்கை (அதிர்வு தாங்கியை) வாங்கலாம் என்பதைத்தான். ஆனால் அந்தக் கேள்விக்குரிய இடம் வரிசையின் நடுவில் இருக்கிறதே தவிர முதலில் இல்லை. ஒரு சில்லு எவ்வளவு உயரம் எழும்பி எவ்வளவு ஆழம் தாழலாம் என்பதை ஏ-ஆர்மின் (முன்சில்லைச் சட்டகத்தோடு இணைக்கும் A வடிவக் கை) நீளம், போல் ஜொயிண்ட் (ஏ-ஆர்மின் நுனியில் சில்லைப் பிணைக்கும் பந்து மூட்டு) மடங்கக்கூடிய கோணம், செயினின் தளர்வு, சட்டகத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து நிற்கும் உயரம் ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஷொக் என்பது அவை அனுமதிக்கும் அசைவைக் கட்டுப்படுத்தும் உறுப்பு மட்டுமே. நீளமான ஷொக்கை முதலில் வாங்கி, அதற்கேற்ப மற்றவற்றை வளைக்க முயன்றால், போல் ஜொயிண்டின் கழுத்தோ ஷொக்கின் தண்டோ ஏதாவது ஒரு பாய்ச்சலில் முறியும். ஆகவே இக்கட்டுரை அளவெடுப்பதில் தொடங்கி, சட்டகத்தைப் பிந்தி வைத்து, ஒரு புதியவர் செய்யவேண்டிய ஒழுங்கிலேயே செல்கிறது.

எந்த நிலத்துக்காக?

லோங் ட்ராவல் என்று சொல்லப்படுவது, நிறுவனம் தந்த அளவைவிடச் சில்லின் அசைவுத் தூரத்தைக் கூட்டுவதற்காக நீண்ட ஏ-ஆர்ம், அதற்கேற்ற நீண்ட ஷொக், சில வேளைகளில் புதிய சட்டகம் ஆகியவற்றைப் பொருத்தும் முறையாகும். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகளே இன்று மோசமானவை அல்ல. யமஹா ராப்டர் 700ஆர் வண்டியின் முன்சில்லுகள் சுமார் 231 மில்லிமீற்றரும் பின்சில்லுகள் சுமார் 256 மில்லிமீற்றரும் அசைகின்றன, யமஹா வை.எஃப்.இசட். 450ஆர் வண்டியில் இவை ஏறத்தாழ 250, 280 மில்லிமீற்றர் ஆகும். இதற்கு மேலே ஒவ்வொரு 25 மில்லிமீற்றரைக் கூட்டுவதற்கும் செலவு ஏறிக்கொண்டே போகும் என்பதால், உங்களுக்கு அது உண்மையில் தேவைப்படுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஈரம் படிந்த சமதளக் கடற்கரை மணலில் ஓடுவதற்கு லோங் ட்ராவல் தேவையில்லை. அங்கே அகன்ற ரயரும் சரியான காற்றழுத்தமும் போதும். மழைக்குப் பின் குழியும் மேடுமாகி, உலர்ந்ததும் அலையலையாக இறுகிப் போகும் உட்புறக் கிறவல் பாதைகளில் வேகமாக ஓடுபவருக்கும், மணல் மேடுகளிலிருந்து பாய்ந்து இறங்குபவருக்கும், வற்றிய குளங்களின் வெடித்த தரையில் நெடுநேரம் ஓடுபவருக்கும் அது பயன் தரும். மெதுவாக ஓடுபவர் அந்தப் பணத்தை நல்ல தலைக்கவசத்திலும், இருக்கின்ற ஷொக்கைத் தன் எடைக்கேற்றவாறு ஸ்பிரிங் மாற்றிச் சீர்செய்வதிலும் செலவிடுவது மேல் என்பது என் கருத்து.

ஓடும் இடத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கரைவலை இழுக்கும் நேரத்தில் கடற்கரையில் கிடக்கும் கயிற்றின் மேல் வண்டி ஏறினால் அது மீனவரின் அன்றைய தொழிலைக் கெடுக்கும். கடலாமைகள் முட்டையிடும் கரைகளில் இரவில் ஓடுவதைத் தவிர்க்க வேண்டும். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. புல்மோட்டையின் கருமணல் பரப்பு இல்மனைற்று அகழும் அரச நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. அனுமதியின்றி அதற்குள் நுழைவதற்கில்லை. கந்தளாய்ப் பக்கக் காட்டோரப் பாதைகளில் மாலைக்குப் பின் யானை நடமாட்டம் உண்டு. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு முன், பதிவு தொடர்பான நிலையை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டறிவதும் அவசியம்.

அடிப்படை வண்டி

வண்டி ஏற்கனவே கையில் இருந்தால் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம். புதிதாக வாங்குபவர், உருக்குச் சட்டகம் உள்ள, உலகில் பரவலாக ஓடிய ஒரு மாதிரியைத் தெரிவு செய்வது நல்லது. ஏனெனில் அதற்கே ஏ-ஆர்மும் ஷொக்கும் ஆயத்தமாகக் கிடைக்கும். 1986 முதல் 1989 வரை வெளிவந்த ஹொண்டா டி.ஆர்.எக்ஸ். 250ஆர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உற்பத்தி நின்ற பின்னரும் அந்த இயந்திரத்துக்கென்றே அமெரிக்கப் பட்டறைகள் பல ஆண்டுகள் முழுச் சட்டகங்களைக் கட்டி விற்றன. குவாட்டுக்குத் தனிப்பயன் சட்டகம் கட்டும் தொழில் அங்கே வேரூன்றியதில் அந்த வண்டிக்குப் பெரும் பங்கு உண்டு. கவாசாக்கி கே.எஃப்.எக்ஸ். 450ஆர், கேன்-ஆம் டி.எஸ். 450 போன்றவற்றின் சட்டகம் அலுமினியத்தாலானது. வெப்பப் பதனிடப்பட்ட அலுமினியத்தில் வெல்டிங் செய்தால் ஒட்டின் அருகே அதன் வலிமை கணிசமாகக் குறைந்துவிடும். அதை மீளப் பதனிடும் வசதி சாதாரண கராஜ்களில் இல்லை. எனவே அத்தகைய வண்டிகளில் போல்டால் பொருத்தக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அளவெடுத்தல்

இந்த வேலைக்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். சமமான சீமெந்துத் தரை, உறுதியான தாங்கி, ஒரு ஜக், அளவு நாடா, தூக்குக்குண்டு, நீண்ட நூல், கோணம் காட்டும் செயலியுள்ள கைத்தொலைபேசி, ஒரு கொப்பி ஆகியவை போதும்.

வண்டியின் சட்டகத்தைத் தாங்கியில் ஏற்றி நான்கு சில்லுகளும் தொங்கும்படி நிறுத்துங்கள். சட்டகம் முன்பின்னாகவும் இடம்வலமாகவும் மட்டமாக இருக்க வேண்டும். முன்பக்க ஷொக்குகள் இரண்டையும் கழற்றிவிட்டு, ஒரு பக்கச் சில்லின் மையத்துக்குக் கீழே ஜக்கை வைத்து, மிகத் தாழ்ந்த நிலையிலிருந்து 25 மில்லிமீற்றர் வீதம் உயர்த்துங்கள். ஒவ்வொரு படியிலும் நான்கு அளவுகளைக் கொப்பியில் எழுதுங்கள்: சில்லு மையத்தின் உயரம், ஷொக்கின் மேல் போல்டின் மையத்துக்கும் கீழ்ப் போல்டின் மையத்துக்கும் இடையிலான தூரம், சில்லு நிமிர்விலிருந்து உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம், வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாகக் கட்டிய நூலிலிருந்து சில்லின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நிற்கும் தூரம். இவ்வாறு மேல் எல்லை வரை செல்லும்போது எங்கே எது முதலில் முட்டுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏ-ஆர்ம் சட்டகத்தில் முட்டுகிறதா, போல் ஜொயிண்டின் கழுத்து அதன் கூட்டில் முட்டுகிறதா, பிறேக் குழாய் இழுபடுகிறதா, டை ரொட் (ஸ்டீயரிங்கைச் சில்லோடு இணைக்கும் கம்பி) எங்காவது உரசுகிறதா என்பவற்றைக் கண்ணால் பார்த்தால் போதாது; ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நேராக இருக்கும்போது முட்டாத பகுதி திருப்பத்தில் முட்டும்.

கொப்பியில் உள்ள முதல் இரு நிரல்களிலிருந்து அசைவு விகிதம் கிடைக்கும். சில்லு 25 மில்லிமீற்றர் உயர்ந்தபோது ஷொக் 12 மில்லிமீற்றர் சுருங்கியிருந்தால், அந்த இடத்தில் விகிதம் 0.48 ஆகும். இந்த எண் மேலே செல்லச் செல்ல மெதுவாகக் கூடிக்கொண்டு போனால் அமைப்பு நல்லது. குறைந்துகொண்டு போனால், சில்லு உயர உயர ஷொக்கின் கட்டுப்பாடு குறைந்து, முடிவில் சட்டகம் தரையில் அடிக்கும்.

இந்த விகிதத்தைப் புதியவர்கள் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு சில்லில் எவ்வளவாக உணரப்படும் என்பதை அறிய, விகிதத்தை அதே எண்ணாலேயே பெருக்கி, வருவதை ஸ்பிரிங்கின் விறைப்பால் பெருக்க வேண்டும். விகிதம் 0.5 என்றால் அந்தப் பெருக்கம் 0.25, அதாவது ஒரு மில்லிமீற்றருக்கு 30 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங், சில்லில் வெறும் 7.5 நியூட்டனாகவே வேலை செய்யும். ஷொக்கின் கீழ்ப் போல்டை ஏ-ஆர்மில் ஒரு விரலளவு உள்ளே தள்ளினாலும், அதே ஷொக் சட்டென்று மெதுமையாகிவிடுவது இதனால்தான். வேறொருவரின் வண்டியில் நன்றாக ஓடிய ஷொக்கை அப்படியே வாங்கிப் பொருத்துவது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிவதற்கும் காரணம் இதுவே.

ஏ-ஆர்ம்

ஏ-ஆர்மை நீட்டுவதன் பயனைக் கணக்கால் பார்ப்போம். உள் மையத்திலிருந்து போல் ஜொயிண்ட் வரை 400 மில்லிமீற்றர் நீளமுள்ள ஆர்ம் ஒன்று, மட்டநிலையிலிருந்து மேலே 125, கீழே 125 என மொத்தம் 250 மில்லிமீற்றர் அசைந்தால் அது ஏறத்தாழ 36 பாகை சுழல்கிறது. 300 மில்லிமீற்றர் அசைவு வேண்டுமென்றால் அதே ஆர்ம் 44 பாகை சுழல வேண்டும். ஆர்மை 450 மில்லிமீற்றராக நீட்டினால், 300 மில்லிமீற்றர் அசைவுக்குச் சுமார் 39 பாகை போதும். இந்த ஐந்து பாகை வித்தியாசம்தான் போல் ஜொயிண்ட் உயிரோடிருப்பதற்கும் முறிவதற்கும் இடையே நிற்கிறது. போல் ஜொயிண்ட் எத்தனை பாகை மடங்கலாம் என்பதை அதைச் செய்த நிறுவனத்திடமே கேட்டறிந்து, உங்கள் அளவுக்கும் அதற்கும் இடையே சில பாகைகளை ஒதுக்கமாக விட்டுவையுங்கள்.

சந்தையில் ஏ-ஆர்ம்களை 'பிளஸ் 2 பிளஸ் 1' என்பது போன்ற குறிப்புடன் விற்கிறார்கள். ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் அகலமாகவும் சில்லுகள் 1 அங்குலம் முன்னே தள்ளியும் வரும் என்பது அதன் பொருள். அகலம் கூடினால் வண்டி திருப்பத்தில் கவிழ்வதற்கான வாய்ப்புக் குறைகிறது. முன்னே தள்ளினால் நேர்கோட்டில் நிலைப்பு மேம்படுகிறது. காட்டோரத்து ஒடுங்கிய பாதைகளில் ஓடுபவருக்கு அகலம் இடையூறாகும். இரு மரங்களுக்கிடையே உள்ள இடைவெளியை வண்டி வாங்கிய பின் மாற்ற முடியாது. முன்னச்சை அகட்டியவர் பின்னச்சையும் ஏற்றவாறு அகட்டாவிட்டால் திருப்பத்தில் வண்டியின் பின்பகுதி நிலையற்றதாகிவிடும்.

மேலும் 'லோங் ட்ராவல்' ஏ-ஆர்மும் சாதாரண நீண்ட ஏ-ஆர்மும் ஒன்றல்ல. முன்னதில் ஷொக்கின் கீழ்ப் பிடி தாழ்வாக, நீண்ட ஷொக்குக்கு இடம் விடும்படி அமைந்திருக்கும். ஒன்றின் ஷொக்கை மற்றதில் பொருத்த முடியாது. வால்ஷ், ஹவுசர், லோன் ஸ்டார் போன்ற அமெரிக்கப் பட்டறைகளில் எதனிடம் வாங்கினாலும், ஷொக்கின் நீளத்தை அந்த ஏ-ஆர்மின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். ஏ-ஆர்மை உள்ளூரில் செய்விப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்குள்ள லேத் கடைகளில் மிக நுட்பமாக வேலை செய்யும் கைகள் உண்டு. புஷ், இடைவளையம், அச்சுக்கான நீட்டிப்பு ஆகியவற்றை அவர்களிடம் தாராளமாகச் செய்விக்கலாம். போல் ஜொயிண்ட் உட்காரும் துளை மட்டும் மில்லிமீற்றரின் சிறுபங்கு பிசகினாலும் சில்லு கழன்றுபோகும் இடமாகும்.

ஏ-ஆர்மை மாற்றும்போது டை ரொட்டையும் நீட்ட வேண்டும். டை ரொட்டின் வளைவுப் பாதையும் ஏ-ஆர்ம்களின் வளைவுப் பாதையும் ஒத்துப்போகாவிட்டால், ஒவ்வொரு குழியிலும் ஹாண்டிலைத் தொடாமலே சில்லு தானாகத் திரும்பும். இதைப் பம்ப் ஸ்டீயர் என்பார்கள். நீங்கள் கொப்பியில் எழுதிய நூல் அளவுகள் இதற்காகத்தான். நடுப்பகுதி அசைவில் சில்லின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையிலான வித்தியாசம் சில மில்லிமீற்றருக்கு மேல் மாறினால், டை ரொட்டின் வெளிமுனையை இடைவளையத்தால் சிறிது தாழ்த்தியோ உயர்த்தியோ மீண்டும் அளந்து பாருங்கள்.

ஷொக்கைக் கட்டளையிடுதல்

இப்போதுதான் ஷொக்கின் முறை வருகிறது. ஃபொக்ஸ், எல்கா, ஓலின்ஸ் முதலிய நிறுவனங்கள் உங்களிடம் கேட்கப்போவது சவாரி உடையுடன் உங்கள் எடை, ஏ-ஆர்மின் பெயரும் அளவும், பின்பக்க ஸ்விங் ஆர்மின் (பின்னச்சைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) நீளம், ஓடும் நிலத்தின் தன்மை, நீங்கள் பாயும் உயரம் ஆகியவை. எடையைக் குறைத்துச் சொல்வது நம் ஊரில் பலருக்குப் பழக்கம். இங்கே அது கூடாது.

கிடைத்த அசைவை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் எப்படிப் பங்கிடுவது என்பது பலர் யோசிக்காத ஒன்று. சவாரியாளர் அமர்ந்த நிலையில் உங்கள் சட்டகத்தின் அடி தரையிலிருந்து 250 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த அசைவு 250, அதில் மூன்றில் ஒரு பங்கு அமர்வில் (சவாரியாளரின் எடையால் வண்டி தாழ்வதில்) போனால் மேல்நோக்கி மிஞ்சுவது 167. முழுதாக அமுங்கும்போது அடியில் 83 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். அசைவை 300 ஆக்கி, அதையும் அதே மூன்றில் ஒரு பங்கு விதிப்படி வைத்தால் இடைவெளி 50 ஆகச் சுருங்கும். ரயரின் நசிவையும் சேர்த்தால் அடித்தகடு கல்லில் உரசும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. வண்டியை உயர்த்தி நிறுத்தலாம். ஆனால் பாரமையம் உயர்ந்து கவிழும் ஆபத்துக் கூடும். அல்லது மேலதிக 50 மில்லிமீற்றரையும் கீழ்நோக்கிய அசைவாக வைக்கலாம். அப்போது வண்டி முன்பிருந்த உயரத்திலேயே நிற்கும். குழியில் சில்லு தரையைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். பாய்ந்து இறங்கும்போது சில்லு முன்கூட்டியே தரையைத் தொட்டு விசையை உள்வாங்கத் தொடங்கும். பந்தய வண்டிகளின் லோங் ட்ராவல் இரண்டாவது வழியிலேயே அமைகிறது. அங்கே அமர்வு மூன்றில் ஒரு பங்கைவிடக் கூடுதலாக இருப்பது பிழையல்ல. ஷொக் செய்தவர் தரும் உயர அளவையே பின்பற்றுங்கள்.

அனுப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஷொக்கின் உள்ளே நைதரசன் வாயு உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருப்பதால், விமானப் பொதி நிறுவனங்கள் சில அதை ஆபத்தான பொருட்களின் பட்டியலில் வைத்து நடத்துகின்றன. வாயுவை வெளியேற்றி அனுப்பச் சொன்னால், இங்கே வந்ததும் நைதரசன் நிரப்பத் தெரிந்தவர் யார் என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். சாதாரணக் காற்றை நிரப்புவது ஈரப்பதத்தையும் சேர்த்து நிரப்புவதாகும். சுங்க வரியையும் விலைப்பட்டியலில் இப்போதே சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பின்பக்கம்

பெரும்பாலான ஸ்போர்ட் குவாட்களில் பின்பக்கம் ஒரே அச்சும் ஒரே ஸ்விங் ஆர்மும் ஒரே ஷொக்குமாகவே இருக்கும். இங்கே எல்லையை வைப்பது செயின். முன் பற்சக்கரத்தின் மையம், ஸ்விங் ஆர்மின் மையம், பின்னச்சின் மையம் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் நிலையில் செயின் மிக இறுக்கமாக இருக்கும். ஷொக்கைக் கழற்றி, அந்த நிலைக்கு அச்சை உயர்த்தி, அங்கே செயினுக்குச் சிறிது தளர்வு இருக்கும்படி சீர்செய்யுங்கள். வண்டி தாங்கியில் தொங்கும்போது பார்த்துச் சரிசெய்த செயின், பாய்ச்சலின்போது இயந்திரத்தின் வெளித்தண்டையே வளைத்துவிடும்.

சட்டகம்

தனிப்பயன் சட்டகம் வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு முன், இருக்கின்ற சட்டகத்தை வலுவூட்டினால் போதாதா என்று பாருங்கள். சட்டகங்கள் வழமையாக வெடிக்கும் இடங்கள் கீழ் ஏ-ஆர்மின் பிடிகள், முன்ஷொக்கின் மேற்பிடி, மிதிகட்டையின் பிடி, ஸ்விங் ஆர்மின் மையம் ஆகியவை. வண்ணத்தைச் சுரண்டி, நிறத்திரவம் ஊடுருவும் சோதனைப் பொதியால் இவ்விடங்களில் மயிரிழை வெடிப்பைத் தேடுங்கள். வெடிப்பில்லாத சட்டகத்துக்கு முக்கோணத் தகடுகளை ஒட்டி வலுவூட்டுவது ஒரு புதியவருக்குப் பெரும்பாலும் போதுமானது. முழுச் சட்டகம் தேவைப்படுவது பிடிகளின் இடத்தையே மாற்ற வேண்டியபோது மட்டுமே: உதாரணமாக, ஏ-ஆர்மின் உள் மையங்களை நெருக்கமாக வைத்து ஆர்மை இன்னும் நீட்டுவதற்கு, அல்லது ஷொக்கின் மேற்பிடியை உயர்த்துவதற்கு.

செய்விப்பதென்று தீர்மானித்தால் குழாயிலிருந்து தொடங்க வேண்டும். ஹாட்வெயார் கடையில் படலை செய்ய விற்கும் ஜீ.ஐ. குழாயும் பொக்ஸ் பாரும் இதற்கு உதவாதவை. ஜீ.ஐ. குழாயின் நாகப் பூச்சு வெல்டிங்கின்போது நச்சுப் புகையாக எழுவதோடு ஒட்டையும் பலவீனமாக்கும். பந்தயச் சட்டகங்களுக்கு வழக்கமாகப் பயன்படுவது 4130 குரோமோலிக் (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு) குழாய், 25.4 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் 2.1 அல்லது 2.4 மில்லிமீற்றர் சுவரும் உள்ளவை பரவலாகப் புழங்குகின்றன. குரோமோலி சாதாரண உருக்கைவிட விறைப்பானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. இரண்டின் விறைப்பும் ஏறத்தாழ ஒன்றே. குரோமோலி அதிக விசையைத் தாங்கிய பின்னரே நிரந்தரமாக வளைகிறது, அவ்வளவுதான். எனவே எடையைக் குறைக்கும் ஆசையில் அதே விட்டத்தில் சுவரை மெலிதாக்கினால், சட்டகம் முறியாவிட்டாலும் கூடுதலாக நெளியும்.

குழாய்களின் முனை ஒன்றன்மேல் ஒன்று மீன்வாய் போல் வெட்டப்பட்டு, வெளிச்சம் புகாதபடி பொருந்த வேண்டும். இடைவெளியை ஒட்டுக்கம்பியால் நிரப்புவது வேலையல்ல. தடித்த உருக்குத் தகட்டின் மேல் ஜிக் (பாகங்களை உரிய இடத்தில் பிடித்துவைக்கும் அமைப்பு) அமைத்து, இயந்திரத்தின் பிடிகள், ஸ்விங் ஆர்மின் மையம், ஏ-ஆர்மின் எட்டுப் பிடிகள், ஸ்டீயரிங் தண்டு ஆகியவற்றைப் பழைய சட்டகத்திலிருந்து அளந்து அதில் பூட்டிய பின்னரே குழாய்களை வெட்டத் தொடங்க வேண்டும். முதலில் எல்லா இடங்களிலும் புள்ளி ஒட்டுப் போட்டு, ஏ-ஆர்மையும் ஷொக்கையும் உண்மையாகவே பொருத்தி, முன்பு செய்த அளவெடுப்பை மீண்டும் முழுதாகச் செய்யுங்கள். பிழை இருந்தால் அரைப்பானால் திருத்தக்கூடிய கடைசிச் சந்தர்ப்பம் அதுவே.

வெல்டிங் ஆகன் வாயு கொண்ட டிக் முறையில் நடக்க வேண்டும். துறைமுகத்தை அண்டிய ஊர் என்பதால் திருகோணமலையில் தேர்ந்த வெல்டர்களைக் காண்பது கடினமல்ல. ஆனால் தடித்த தகட்டில் பழகிய கை மெல்லிய குழாயில் அதிக வெப்பத்தைக் கொடுத்துவிடும். வேலையைக் கொடுக்கும் முன் அதே குழாயின் இரண்டு துண்டுகளை ஒட்டச் சொல்லி, நீளவாக்கில் அறுத்து, ஒட்டு வேர்வரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல வெல்டர் இதைக் குறையாக எடுக்க மாட்டார். ஒட்டுக்கம்பி ஈ.ஆர். 70எஸ்-2 அல்லது ஈ.ஆர். 80எஸ்-டி2 வகையாக இருக்கலாம். ஒரே பக்கத்தில் தொடர்ந்து ஒட்டாமல் இடம் வலமாக மாறி மாறி ஒட்டினால் சட்டகம் முறுகாது. சூடான ஒட்டின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. குரோமோலி அந்த இடத்தில் கண்ணாடியைப் போல் நொறுங்கும் தன்மை பெறும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த கொட்டிலில் டிக் வெல்டிங் செய்தால் காவல் வாயு கலைந்து ஒட்டில் நுண்துளைகள் விழும்; படங்கு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பூச்சுக்குப் பவுடர் கோட்டிங் பொருத்தமானது. பளபளப்புக்காகக் குரோம் முலாம் பூசுவது, முலாமிடும்போது ஐதரசன் உருக்கினுள் புகுந்து அதை நொறுங்கத்தக்கதாக்கக்கூடும் என்பதால், உயிர் தாங்கும் பாகங்களுக்கு ஏற்றதல்ல.

பொருத்திச் சீர்செய்தல்

போல்ட்களை முறுக்குவிசைக் குறட்டால் நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். நைலோன் பூட்டு நட்டுகளை மறுபடி பயன்படுத்தாதீர்கள். பிறேக் குழாய்கள் புதிய நீளத்துக்கேற்ப மாற்றப்பட்டிருக்க வேண்டும். முன்சில்லுகள் முன்பக்கம் சற்றே ஒன்றையொன்று நோக்கும்படி, 3 முதல் 6 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் டை ரொட்டைச் சீர்செய்யலாம்.

பின்னர் அமர்வை அளக்க வேண்டும். சில்லுகள் தொங்கும் நிலையில் ஓர் அளவும், முழு உடையுடன் சவாரியாளர் மிதிகட்டையில் நின்று வண்டியை இரண்டு முறை அமுக்கி விட்ட பின் ஓர் அளவும் எடுங்கள். அமர்வு அதிகமென்றால் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைக் கூட்டலாம். ஆனால் முன்னழுத்தம் ஸ்பிரிங்கை விறைப்பாக்குவதில்லை, வண்டியின் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது. பல சுற்றுகள் திருகியும் அமர்வு சரிவராவிட்டால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்குரியதல்ல.

கொம்ப்ரெஷன் (ஷொக் அமுங்கும் வேகம்), ரிபவுண்ட் (அது மீண்டும் நீளும் வேகம்) ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் திருகுகளைத் தொடுவதற்கு முன் அவை முழுதாக மூடிய நிலையிலிருந்து எத்தனை சொடுக்கில் நிற்கின்றன என்று எழுதிவையுங்கள். பழகிய ஒரே பாதையில், ஒரே வேகத்தில் ஓடிப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் இரண்டு சொடுக்கு மாற்றுங்கள். அலையலையான கிறவலில் வண்டி ஒவ்வொரு மேட்டிலும் மேலும் மேலும் தாழ்ந்துகொண்டே போனால் ரிபவுண்ட் மிக மெதுவாக இருக்கிறது என்று பொருள். பின்பகுதி உதைத்து எழுந்தால் அது மிக வேகமாக இருக்கிறது. பாய்ந்து இறங்கும்போது மட்டும் ஷொக் முழுதாக அமுங்கி முட்டினால் வேகக் கொம்ப்ரெஷனை (ஷொக் விரைவாக அமுங்கும்போது தடுக்கும் திருகை) கூட்டுங்கள்; சாதாரண ஓட்டத்திலேயே முட்டினால் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். ஷொக்கின் தண்டில் ஒரு மெல்லிய றப்பர் வளையத்தை மாட்டிவிட்டால் அது எவ்வளவு அமுங்கியது என்பதை ஓட்டத்தின் பின் வளையம் காட்டும். ஒருநாள் ஓட்டத்தில் ஓரிரு முறை மட்டும் கடைசி எல்லையைத் தொட்டிருந்தால் அமைப்புச் சரியானது. ஒருபோதும் தொடாவிட்டால், பணம் கொடுத்து வாங்கிய அசைவில் ஒரு பகுதி வீணாகிறது.

உப்பும் மணலும்

இந்தக் கரையில் ஷொக்கைத் தேய்ப்பது பாய்ச்சலைவிட உப்பும் நுண்மணலும்தான். ஓட்டம் முடிந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உயர் அழுத்தக் குழாயை ஷொக்கின் சீல், பெயாரிங், போல் ஜொயிண்டின் றப்பர் உறை ஆகியவற்றை நோக்கிப் பிடிக்கக் கூடாது. புதிய சட்டகத்தில் முதல் ஓட்டத்தின் பின்னர் எல்லாப் போல்ட்களையும் மீண்டும் முறுக்குவிசைக் குறட்டால் சரிபார்த்து, ஒட்டுகளின் ஓரங்களில் வண்ணம் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று கைவிளக்கால் பாருங்கள். வண்ணத்தில் தெரியும் கோடு பெரும்பாலும் உருக்கில் தொடங்கிய வெடிப்பின் அடையாளமே. ஏ-ஆர்மின் புஷ்களில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் மணலோடு வெளியே வரும்வரை புதியதை ஏற்றுங்கள்.

ஷொக்கின் எண்ணெய் மாற்றத்தை வீட்டில் முயலாதீர்கள். அழுத்தத்தை முறைப்படி வெளியேற்றாமல் திறந்த ஷொக்கின் பாகங்கள் குண்டுபோல் பறந்து முகத்தைத் தாக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைமழை இறங்கி உட்பாதைகள் சேறாகும்போது வண்டிக்கு எப்படியும் ஓய்வு கிடைக்கும் என்பதால், ஷொக்குகளைக் கழற்றிச் சேவைக்கு அனுப்புவதை அம்மாதங்களுக்கே திட்டமிட்டு, சீல் பொதிகளை ஐப்பசிக்கு முன்பே வெளிநாட்டிலிருந்து வருவித்து வைத்துக்கொள்ளுங்கள்.